அப்பாவின் சட்டை போட்ட பொம்மை

என் நாடகத்தில் ஆள் என்று இருப்பது நான் ஒருத்திதான். மற்றதெல்லாம் பொம்மை. வைக்கோல் அடைத்த உடம்பு, மூங்கில் பட்டையில் தோள், காகிதக் கூழில் செய்து வெயிலில் காயவைத்த தலை. ஆள் உயரத்துக்கு நிற்கும். நிற்கும் என்றால், நான் பிடித்துக்கொண்டால் நிற்கும். அதற்கு அப்பாவின் பழைய காக்கிச் சட்டையைப் போட்டிருந்தேன். எத்தனை துவைத்தாலும் மார்பில் கிரீஸ் கறை போகாத சட்டை. இடது கைக்குள் வைக்கோல், வலது கைக்குள் என் கை. அதனால் பொம்மை சோறு பிசையும், பீடி பற்றவைக்கும், கடைசிக் காட்சியில் என் தலையைத் தடவிக் கொடுக்கும். என் கையாலேயே என் தலையைத் தடவிக்கொள்கிறேன் என்று எனக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் ஒவ்வொரு முறையும் தலை தானாகக் குனிந்து கொடுக்கும்.

மேடை ஓரத்தில் தப்பட்டையோடு ஒரு தம்பி உட்கார்ந்திருப்பார். கூடப் பிறந்தவர் இல்லை. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர், என்னைவிட நாலு வயது இளையவர், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். கல்யாணம், கோயில், சாவு எல்லாவற்றுக்கும் அடிப்பவர். என் நாடகத்தில் அவருக்குத் தப்பட்டை மட்டும் போதாது. ரிக் வண்டியின் பழைய இரும்பு ராடு ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டுவார். பிளாஸ்டிக் குழாயில் வாய் வைத்து ஊதி கம்ப்ரஷர் இரைச்சலைக் கொண்டுவருவார். கோயம்புத்தூரில் பார்த்த ஒருவர் இதைச் சோதனை நாடகம் என்று எழுதினார். தம்பிக்குப் படித்துக் காட்டினேன். “சோதனை நமக்குங்களா, பாக்கறவியளுக்குங்களாக்கா?” என்று கேட்டார்.

அப்பா ரிக்கில் டிரில்லராக இருந்தவர். எங்கள் பக்கத்தில் இதை விளக்கவே வேண்டாம். வீட்டுக்கொருவர் ரிக்கில் இருந்திருப்பார், இல்லையென்றால் ரிக்காரருக்குப் பெண் கொடுத்திருப்பார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: ரிக் என்பது ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. திருச்செங்கோட்டில் கிளம்பி ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போய்க்கொண்டே இருக்கும். வடக்கே மழைக்காலம் பிடித்து வேலை நின்றால்தான் எங்களுக்கு அப்பா வருவார். வந்த முதல் இரண்டு நாள் தூங்குவார். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “எத்தனாவது படிக்கற சாமி?” என்பார். ஒரு வருஷம் அப்படிக் கேட்டபோது பதிலே சொல்லாமல் முறைத்துக்கொண்டு நின்றேன். கோபம் எனக்குச் சின்ன வயதிலேயே ஜாஸ்தி.

முப்பது வருஷம் கம்ப்ரஷர் பக்கத்தில் நின்றதில் காது போய்விட்டது. வண்டியை விட்டு ஒரேயடியாக இறங்கி ஊருக்கு வந்தபோது இடது காதில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதனருகில் வாயை வைத்துக் கத்தினால் கேட்கும். காதுக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். சீட்டி அடிக்கிறது என்று சொல்லி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஊருக்கு வந்தவர் சும்மா உட்காரவில்லை. எழவு வீடுகளுக்குப் போக ஆரம்பித்தார்.

உள்ளூரில் எழவு விழுந்தால் எல்லோரும் போவதுதான். அப்பா அடுத்த ஊர் எழவுக்கும் போனார், அதற்கடுத்த ஊர் எழவுக்கும் போனார். காலையில் டீக்கடையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களை ஒன்றுவிடாமல் படிப்பார். தெரிந்தவர், தெரியாதவர், ஒறம்பரையான சொந்தம், ஊரான் என்ற பேதமே கிடையாது. எங்கள் பக்கத்தில் எழவு வீட்டு வாசலில் இறந்தவருடைய பங்காளிகள் வரிசையாக நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருப்பார்கள். வருகிற ஆண்கள் ஒவ்வொருவர் கையாகத் தொட்டுவிட்டுப் போய் உட்கார வேண்டும். வாயைத் திறக்க வேண்டியதில்லை, யார் பேசுவதையும் கேட்க வேண்டியதில்லை. காது கேட்காதவருக்கு இதைவிடச் சௌகரியமான இடம் ஏது என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். “ஊருல ஒருத்தன் நிம்மதியாச் சாக முடியுதா? மொத ஆளாப் போயி உக்காந்துக்கறாரு” என்பாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும். ஒரு நாள் சங்ககிரிப் பக்கம் யாரோ முகம் தெரியாத ஒருவரின் சாவுக்குப் போய்விட்டு, பஸ் கிடைக்காமல் நடந்தே பாதி தூரம் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். பாதம் கொப்பளித்திருந்தது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது.

“செத்தது யாருன்னே தெரியாம எதுக்குப்பா போறீங்க?” என்று காதில் கத்தினேன்.

அப்பா நிதானமாகச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொன்னார். “நான் ஊருல இல்லாதப்ப இங்க எத்தன எளவு உழுந்திருக்கும் சாமி? ஒண்ணுக்கும் வந்ததில்ல. என்னையப் பெத்தவ போனதுக்கே மூணு நா கழிச்சுத்தான் வந்து சேந்தேன். நாம போனாத்தானே நம்மளுக்கு வருவாங்க? என்ற எளவுக்கு யாரு வருவா? ஒரு பொம்பளைக்காச்சும் அழுவாச்சி வருமா?”

இதை அவர் சோகமாகச் சொல்லவில்லை. இந்த இடத்தில் தண்ணீர் வரும், இந்த இடத்தில் வராது என்று சொல்கிற டிரில்லர் குரலிலேயே சொன்னார். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை. நான் சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். பொம்மை செய்வதும் நாடகம் போடுவதும் விடுமுறை நாள் வேலை. அந்த வாரமே வைக்கோல் வாங்கினேன். இவர் என்ன வேலை செய்தார், எங்கே நின்றார், யாருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார் என்பதை நாலு பேராவது உட்கார்ந்து பார்க்கட்டும், அதை இவரும் பார்க்கட்டும் என்பதுதான் என் எண்ணம். நாடகம் சரியாக வந்ததா, வரவில்லையா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். அப்பா பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு இது ஆகவே ஆகவில்லை. சட்டையை நான் எடுத்துப் போனது தெரிந்ததும் போனில் பிடித்துக்கொண்டாள். “உசுரோட இருக்கற மனுசனுக்குப் பொம்ம கட்டுவாங்களா யாராச்சும்? அதும் அவிய சட்டையப் போட்டு? கழட்டுடி மொதல்ல!” நான் கழற்றவில்லை. கலை, வடிவம் என்று ஏதோ சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். என் நாடகத்தைப் பார்க்க மாட்டேன் என்று குலதெய்வத்தின் மேல் சத்தியமும் செய்தாள்.

அப்பாவைப் பார்க்கவைப்பது அதைவிடக் கஷ்டமாகிவிட்டது. கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டேன், அன்றைக்கு ஊரில் எழவு. ஈரோட்டுக்குக் கூப்பிட்டேன், அன்றைக்கு ஒரு பதினாறாம் நாள் காரியம். சேலத்தில் போட்டபோது கட்டாயம் வருவதாகச் சொல்லி பஸ்ஸிலும் ஏறிவிட்டார். ஆட்டையாம்பட்டி தாண்டும்போது சாலையோரம் சாமியானா பந்தலும், வரிசையாக நின்று கை நீட்டிய ஆட்களும் கண்ணில் பட, சேலம் டிக்கெட்டோடு அங்கேயே இறங்கிவிட்டார். நான் முதல் வரிசையில் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் நடித்தேன். மறுநாள் போனில் கத்தியது எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது. அவருக்கு அதில் பாதிகூடக் கேட்டிருக்காது என்பது ஒரு ஆறுதல்.

சரி, இவர் வர மாட்டார், நாடகம்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். கோடை விடுமுறையில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மைதானத்தில் போட அனுமதி கேட்டேன். ஊர்ப் பெரியவர், எனக்கு மாமன் முறை, “மைக் செட்டு இல்லீன்னா செரி” என்றார். சாயங்காலம் ஐந்தரைக்கு என்று பேச்சு.

இரண்டு வருஷமாக மழை ஏமாற்றிக்கொண்டிருந்த நேரம் அது. மரவள்ளி வாடி நின்றது. ஊரைச் சுற்றி அப்பாவின் கூட்டாளிகள் போட்ட போர்கள் எல்லாம் வெறும் காற்றை இழுத்தன. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டேங்கர் லாரி வந்து தெருவில் நிற்கும், பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் புத்தி வேறு எங்கோ இருந்தது.

நகரத்து அரங்குகளில் விளக்கு போடும்போதே பொம்மை மேடையில் இருக்கும். இங்கே மேடையும் இல்லை, திரையும் இல்லை. பொம்மையை மூட்டை மாதிரி தூக்கிவந்து வைப்பதா? பத்து மாதம் கழித்து ரிக்காரர் ஊருக்கு வருவதுபோலத் தெரு வழியாக வண்டியில் வரட்டுமே என்று எனக்குத் தோன்றியது. காய்கறி விற்பவரிடம் தள்ளுவண்டியை வாங்கிக்கொண்டேன். பொம்மையை அதில் சாய்த்து உட்காரவைத்து, விழாமல் இருக்க மார்போடு சேர்த்துக் கட்டினோம். தனி நடிப்பு என்பதால் வண்டியை வேறு யாரும் தொடக் கூடாது என்று எனக்கொரு வீம்பு; முன்னால் ஒரு கயிறு கட்டி நானே இழுத்தேன். முதல் காட்சிக்காகத் தலைமுடியை விரித்துப் போட்டிருந்தேன். தம்பி முன்னால் மெதுவான அடி ஒன்றைத் தப்பட்டையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வைக்கோல் ஆள், கயிறு, தப்பட்டை, தலைவிரி கோலம், மழையில்லாத வருஷம். சென்னைக்காரி ஒருத்தி இதைச் செய்திருந்தால் தெரியாமல் செய்துவிட்டாள் என்று விடலாம். இந்த ஊரில் பிறந்து, மூன்றாம் வகுப்பில் கொடும்பாவி இழுத்ததைக் கண்ணால் பார்த்த நான் செய்தேன்.

மழை பொய்த்துவிட்டால் எங்கள் பக்கத்தில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். யாரோ ஒரு பெரும்பாவி ஊரில் இருப்பதால்தான் வானம் மூடிக்கொண்டது என்று, அவனுக்கு வைக்கோலில் உருவம் செய்து, கயிறு கட்டித் தெருத்தெருவாக இழுத்து வருவார்கள். பெண்கள் அவன் செத்துவிட்டதாக மாரடித்து ஒப்பாரி வைப்பார்கள். கடைசியில் சுடுகாட்டில் கொண்டுபோய் எரிப்பார்கள். எரித்தால் மழை வரும். எங்கள் ஊரில் இது நின்று பல வருஷம் ஆகிவிட்டது. மறந்தது நான்தான். ஊர் மறக்கவில்லை.

முதல் வீட்டு வாசலில் ஓர் அத்தை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். வண்டியைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார். கையைக் கழுவினார். கொண்டையை அவிழ்த்தார். நெஞ்சில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டு வண்டியின் பின்னால் வர ஆரம்பித்தார்.

நான் பூரித்துப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாடகம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் சனங்கள் இப்படி உருகுகிறார்களே என்று எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டாவது வீட்டில் மூன்று பேர் வந்தார்கள். தெருமுனை திரும்புவதற்குள் பத்து இருபது பெண்கள். அத்தை குரலெடுத்தார்.

“குடத்தடியும் காஞ்சதய்யா,
கொளத்தடியும் வெடிச்சதய்யா,
போறவனே போறவனே
மழையக் கொண்டு போறதென்ன?”

தம்பி அடியை விடாமலே பின்னால் நகர்ந்து என் பக்கம் வந்தார். “அக்கா, நெலவரம் வேறயாட்ட இருக்குதுங்க. இவிய இதக் கொடும்பாவின்னு நெனச்சுட்டாங்க.”

“நிறுத்துங்க, நிறுத்துங்க” என்றேன்.

“இப்ப அடிய நிறுத்துனா எம் மேல உழுந்துருவாங்கக்கா” என்றார். அதுவும் நியாயம்தான்.

மைதானத்துக்கு வந்து சேர்ந்தபோது பாதி ஊர் எங்கள் பின்னால் இருந்தது. அங்கே முதல் வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், சலவைச் சட்டையோடு அப்பா உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சுற்றுவட்டாரத்தில் யாரும் சாகவில்லை. எத்தனை நாள் இந்தக் காட்சிக்காக ஏங்கியிருப்பேன்! இப்போது அவர் வராமலிருந்திருக்கக் கூடாதா என்று மாரியம்மனைப் பார்த்தேன்.

கத்திப் பார்த்தேன். “இது நாடகமுங்க, கொடும்பாவி இல்லீங்க!” ஒப்பாரியில் யாருக்குக் கேட்கும்? ஆரம்பித்துவிட்டால் புரிந்துகொள்வார்கள் என்று பொம்மையின் சட்டைக்குள் கையை விட்டு மெல்லத் தூக்கினேன். அவ்வளவுதான். பிணம் கையைத் தூக்கினால் எப்படி இருக்கும்? அழுகை இரண்டு மடங்கானது. பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து வண்டியைச் சுற்றி வட்டம் கட்டி, குனிந்து நிமிர்ந்து, மாரடித்து அழுதார்கள். இரண்டு வருஷத்து வெயில், வற்றிய போர், டேங்கர் வரிசை, விற்றுப்போன மாடு எல்லாம் அந்த அழுகையில் இருந்தன. பொய்யழுகை இல்லை அது. ஆனால் அப்பாவுக்கான அழுகையும் இல்லை.

தன் சட்டையைப் போட்ட உருவத்தைச் சுற்றி ஊர்ப் பெண்கள் எழவு அழுவதை அப்பா தன் கண்ணாலேயே பார்க்கிறாரே, நெஞ்சு அடைத்து ஏதாவது ஆகிவிட்டால்? அம்மா சொன்னது சரியாகிவிட்டால்?

அம்மா அந்த நேரத்தில்தான் வந்தாள். வர மாட்டேன் என்று சத்தியம் செய்தவள், ஒப்பாரிச் சத்தம் வீடுவரை கேட்டதும் அடுப்பை அணைக்காமல் ஓடி வந்திருக்கிறாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, “நிறுத்துங்கடி! எங்கூட்டுக்காரரு குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்காரு, யாருக்குடி எளவெடுக்கறீங்க!” என்று கத்திக்கொண்டே வந்தாள். அப்பாவின் நாற்காலியைத் தாண்டும்போது அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

நானும் அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தேன். அவர் பயப்படவே இல்லை. அழுகிற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு முகத்தைப் பார்ப்பார், அடுத்த முகத்துக்குப் போவார், விட்டதற்குத் திரும்பி வருவார். பாட்டு அவருக்குக் கேட்கவில்லை. மழை என்ற சொல் கேட்கவில்லை, பாவி என்ற சொல் கேட்கவில்லை. சட்டையிலிருந்த கிரீஸ் கறையைப் பார்த்தார், பொம்மையின் கையைப் பார்த்தார், மகள் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தார். தன் வாழ்க்கையைத்தான் நாடகமாகப் போடுகிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து மீசையில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

ஊர்ப் பெரியவர் வந்து வண்டிக் கயிற்றைப் பிடித்தார். “பொழுது எறங்குதப்பா. சுடுகாட்டுக்கு இழுங்க” என்றார். இரண்டு பேர் கூடவே கை போட்டார்கள். “மாமா, வேண்டாமுங்க மாமா” என்று கயிற்றின் அடுத்த முனையை நான் பிடித்துக்கொண்டேன். வண்டி ஒரு முழம் நகர்ந்தது. பொம்மையின் தலை ஆடியது.

அப்பா எழுந்தார். துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வண்டிக்கு முன்னால் வந்து, சனங்களைப் பார்த்து நின்றார். நின்று இரண்டு கையையும் நீட்டினார். எழவு வீட்டு வாசலில் பங்காளிகள் நீட்டுவது மாதிரி.

பெரியவர் விழித்தார். ஆனால் நீட்டிய கையைத் தொடாமல் தாண்டிப் போவது எங்கள் பக்கத்து ஆம்பளைகள் உடம்பிலேயே கிடையாது. கயிற்றை விட்டார். முன்னால் வந்தார். அப்பாவின் இரண்டு கையையும் தொட்டார். கூட இருந்த இருவரும் தொட்டார்கள். அவர்கள் பின்னால் இன்னொருவர் வந்தார். கோயில் மதிலோரம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர்கள், டீக்கடைக்காரர், டேங்கர் டிரைவர் என்று ஒவ்வொருவராக வந்து வரிசை கட்டினார்கள். யாருக்கும் எதற்கு என்று தெரியாது. கை நீட்டியிருக்கிறது, தொட வேண்டும். அப்பா ஒவ்வொருவருக்கும் தலையைக் கொஞ்சம் தாழ்த்தினார்.

நான் அவர் பக்கத்தில் பொம்மையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். சட்டைக்குள் இருந்த என் கை எப்போது நீண்டது என்று எனக்கே தெரியாது. சிலர் அப்பாவின் கையைத் தொட்டுவிட்டு, அடுத்து நீண்டிருந்த அந்தக் கையையும் தொட்டுவிட்டுப் போனார்கள். களைக்கொத்து பிடித்த கைகள், தறி ஓட்டிய கைகள், ஒன்றில் விரல் இல்லை. எல்லாம் வெதுவெதுப்பாக இருந்தன. தம்பி அடியை எப்போது நிறுத்தினார் என்பதும் எனக்கு நினைவில்லை.

நாடகம் நடக்கவில்லை. பொம்மையும் எரியவில்லை. மழையும் வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். எரிக்காமல் விட்டதால்தான் வரவில்லை என்று அத்தை அன்றைக்கே என்னிடம் சண்டைக்கு வந்தார்.

வீட்டில் அம்மா ரசத்தைக் கொதிக்கவிட்டுக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனபிறகு மெல்லக் கேட்டாள். “அவிய ஒண்ணும் கேக்கலியே?”

“இல்ல. காலைல நானே சொல்லிர்றேன்” என்றேன். எனக்குள் பழைய கோபம் மறுபடி தலைதூக்கியது. அவர் பார்க்க வேண்டும் என்று இத்தனை பாடுபட்டது எதற்கு? நிஜமாக ஒரு நாடகம் இருக்கிறது, அதில் அவர் ராடைத் தொட்டே தண்ணீரைக் கண்டுபிடிக்கிற காட்சி இருக்கிறது, முகம் தெரியாதவர்கள் அதைப் பார்த்துக் கண்கலங்கியிருக்கிறார்கள். அதைப் பார்க்காமல், யாரோ மழைக்கு அழுததைத் தனக்கென்று நினைத்துக்கொள்வதா? “அது கொடும்பாவி ஒப்பாரின்னு அவுருக்குத் தெரிய வேண்டாமா? பொய்தானம்மா அது?”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “நீ சொல்லிப்போட்டின்னா, அப்புறம் இந்த ஊட்டுப் படிய மிதிக்காத” என்றாள்.

மறுநாள் காலை டேங்கர் வந்திருந்தது. எங்கள் வாசலை ஒட்டித்தான் வரிசை நிற்கும். முந்தின நாள் அழுத பெண்கள் அத்தனை பேரும் குடத்தோடு நின்றிருந்தார்கள்; அத்தைதான் முதலில். அப்பா வாசலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நானும் அம்மாவும் பக்கத்தில் இருந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

காது கேட்காதவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது. அம்மாவைப் பார்த்து, தெருக்கோடிக்குக் கேட்கும்படி கேட்டார். “ஏம்மா, நேத்து அத்தன பேரும் எனக்கா அழுதாங்க?”

குழாயிலிருந்து குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. அத்தை என்னைப் பார்த்தார்.

அம்மா எழுந்தாள். அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில் குனிந்து, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். “ஆமாங்க! உங்களுக்குத்தான் அழுதாங்க!”

சொல்லிவிட்டு நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வரிசையை ஒரு பார்வை பார்த்தாள்.

அத்தை நிறைந்த குடத்தைக் கீழே வைத்தார். “ஆமாங் அண்ணா, உங்களுக்குத்தானுங்!” என்று சத்தமாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவள், “ஆமாங் மாமா” என்றாள். அதற்கும் பின்னால் இருந்தவள் சொன்னாள். வரிசையின் கடைசிவரை ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். அப்பாவுக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது. வாய்கள் அசைவதைத்தான் பார்த்தார், முந்தின நாள் பார்த்த மாதிரியே ஒரு முகத்தையும் விடாமல்.

“செரி சாமி, செரி” என்றார்.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.